‘அவன்தான் முதல்ல வெட்ட வந்தான்’: தற்காப்பு வழக்கில் சாட்சியும் சான்றும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, மடைத் தண்ணீர், கொடை விழாவில் வரி பிரிப்பது என்று நம்ம பக்கத்து அடிதடி வழக்குகள் எங்கே தொடங்கினாலும், பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு வந்து நிற்கும்போது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், அவன்தான் முதல்ல வெட்ட வந்தான்.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை யார் சொல்வது, எந்தக் காகிதம் சொல்வது என்பதில்தான் வழக்கு நிற்கிறது. கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துக்கொள்வோம். வள்ளியூர்ப் பக்கம் இரண்டு வாழைத் தோட்டங்கள். தண்ணீர் முறை தகராறில் ராத்திரி பத்து மணிக்குக் கீழத் தோட்டக்காரர் இரண்டு ஆட்களோடு மேலத் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வருகிறார். கம்படி விழுகிறது. மேலத் தோட்டக்காரர் கையில் இருந்த வாழை வெட்டும் அரிவாளை வீசுகிறார். கீழத் தோட்டக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறார். மேலத் தோட்டக்காரர் மீது கொலை வழக்கு.

தற்காப்புக்குச் செய்தேன் என்றால் நான்தான் நிரூபிக்க வேண்டுமா?

ஆமாம், ஆனால் அரசுத் தரப்புக்கு உள்ள அளவுக்கு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்புரிமைப் பிரிவுகள் (2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை). விதிவிலக்கு கேட்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்று சாக்ஷ்ய அதினியத்தின் 108-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 105. இதை வைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எதிரிக்கோ, ‘இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். இதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். விரும்பினால் ஏறலாம், ஏறினால் குறுக்கு விசாரணை உண்டு. சாட்சிகள் எல்லாம் முடிந்ததும் நீதிபதி உங்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 351). அப்போது ‘பொய் வழக்கு’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். நடந்ததை எழுத்து மூலமாகவே கொடுக்க அங்கே வழி இருக்கிறது.

எனக்குச் சாட்சி சொல்ல யாருமே இல்லையே?

தற்காப்பு வழக்கில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ராத்திரித் தோட்டத்தில் மேலத் தோட்டக்காரருக்கு யார் சாட்சி? அவர் பக்கம் ஆள் இல்லாததால்தானே கையில் இருந்ததை வீசினார். அதனால் உங்கள் சாட்சியை அரசுத் தரப்பின் வழக்குக் கட்டுக்குள்தான் தேட வேண்டும். குற்றப் பத்திரிகையோடு கொடுக்கிற நகல்களில் ஆஸ்பத்திரிப் பதிவேடு, காயச் சான்று, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், முதல் தகவல் அறிக்கை எல்லாம் இருக்கும். அவற்றை எழுதியவர்களுக்கு உங்களைக் காப்பாற்றும் எண்ணம் கிடையாது. அதனாலேயே அவற்றில் உங்களுக்குச் சாதகமாக ஒரு வரி இருந்தால் அதற்கு மதிப்பு ஜாஸ்தி. உறவுக்காரர் நாலு பேரைக் கூட்டிவந்து ‘நாங்களும் பார்த்தோம்’ என்று சொல்ல வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் தாலுகா ஆஸ்பத்திரியானாலும் அமைப்பு ஒன்றுதான்: எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் தாக்கியதாகச் சொன்னார், காயங்கள் என்னென்ன. பெயர் எழுதாமல் ‘தெரிந்த நபர்கள் இருவர்’ என்கிற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கீழத் தோட்டக்காரரைத் தூக்கிவந்தவர் ராத்திரி 11 மணிக்கு டாக்டரிடம் ‘தெரிந்த நபர் ஒருவர், மோட்டார் ரூமில் வைத்து, அரிவாளால்’ என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் விடியற்காலை பதிவான புகாரில் அது ‘நான்கு பேர், பொதுப்பாதையில் மறித்து’ என்று ஆகியிருக்கிறது. இடம் மாறியதுதான் முக்கியம். மேலத் தோட்டக்காரரின் மோட்டார் ரூம் என்றால் வந்தவர் யார் என்ற கேள்வி எழும். பொதுப்பாதை என்றால் எழாது.

அதே ராத்திரி உங்களுக்கும் காயம் இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், உங்கள் பெயரிலும் ஒரு பதிவு இருக்கும். போலீஸ் அதைக் கட்டில் வைக்காமல் விட்டிருந்தால் கோர்ட்டில் மனுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கலாம் (சுரக்ஷா சன்ஹிதா 94). டாக்டர் பதிவேட்டில் எழுதியது வேதவாக்கு இல்லை. அவர் வேலை சிகிச்சை, புலனாய்வு அல்ல என்று நீதிமன்றங்களே சொல்லும். ஆனாலும் சம்பவத்துக்குப் பிறகு யாரும் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட முதல் எழுத்து அதுதான்.

என் மண்டையிலும் ஆறு தையல். போலீஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

1976-இல் லட்சுமி சிங் எதிர் பீகார் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்து வைப்பார். அதே சம்பவத்தில் எதிரிக்கு ஏற்பட்ட கடுமையான காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், சம்பவம் எப்படித் தொடங்கியது என்பதை மறைக்கிறார்கள், காயமே பார்க்கவில்லை என்ற சாட்சிகள் பொய் சொல்கிறார்கள், எதிரி சொல்லும் கதைக்கு வாய்ப்பு அதிகம் என்றெல்லாம் கோர்ட் கருத இடம் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை: சிராய்ப்பு, வீக்கம் போன்ற சில்லறைக் காயங்களுக்கு இந்த வாதம் நிற்காது. சாட்சியம் தெளிவாகவும் சார்பில்லாமலும் இருந்தால் பெரிய காயத்துக்கும் சில நேரம் நிற்காமல் போகலாம்.

குறுக்கு விசாரணையில் இதைக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. நேரில் பார்த்த சாட்சியிடம், “எதிரிக்கு ரத்தம் வந்ததா?” என்று கேட்பார்கள். “நான் பார்க்கலை” என்பார். “பக்கத்தில்தானே நின்றீர்கள்?” “ஆமாம்.” “மூன்று பேர் யார் யார் எங்கெங்கே நின்றார்கள் என்று பார்த்தீர்கள். மண்டை உடைந்து ரத்தம் வழிந்தவரை மட்டும் பார்க்கவில்லை?” அதற்குப் பதில் எதுவானாலும் பரவாயில்லை. கேள்வி பதிவாகிவிட்டது.

கம்படிதான் விழுந்தது. டாக்டர் ‘வெட்டுக் காயம்’ என்று எழுதியிருக்கிறார். வழக்கு கெட்டுப்போகுமா?

கெடாது. மண்டைத் தோல் எலும்பின் மேல் இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும். கம்பு விழுந்தால் தோல் நேர்கோடாகப் பிளந்து வெட்டு மாதிரியே தெரியும். கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் கன்றிப்போன தடம், நசுங்கிய முடிவேர், பிளவுக்குள் அறுபடாமல் நிற்கும் இழைகள் இருக்கும். இதை டாக்டரிடமே கேட்டுப் பதிவு செய்யலாம். சரியாகக் கேட்டால் ஒப்புக்கொள்வார்.

கையில் ஏற்பட்ட காயங்களையும் பாருங்கள். தடுக்கக் கையைத் தூக்கினால் முன்கையின் வெளிப்பக்கம், உள்ளங்கை, விரலிடுக்கு ஆகிய இடங்களில் வெட்டு விழும். கீழத் தோட்டக்காரரின் உடலில் அத்தகைய காயம் இருந்து உங்கள் உடலில் எதுவும் இல்லை என்றால் அது உங்களுக்கு எதிராகப் பேசும். முதுகுக் காயம் இன்னும் மோசம்: திரும்பி ஓடுகிறவரை வெட்டியிருக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தம் வரும். ஆபத்து தீரும்வரைதான் உரிமை (பிரிவு 40). ஓடுகிறவரைத் துரத்திப் போட்ட வெட்டு தற்காப்பு ஆகாது.

எத்தனை வெட்டு என்பது முக்கியமா?

எண்ணிக்கை மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். தேவ் நாராயண் வழக்கில், தலையில் லத்தியடி வாங்கியவர் ஈட்டியால் குத்தியதைத் தற்காப்பு என்று ஏற்றார்கள். அந்த நேரத்தில் தராசு வைத்து நிறுக்க முடியாது என்பது அதன் சாரம். இருந்தாலும் ஒரு வெட்டுக்கும் பத்து வெட்டுக்கும் வித்தியாசம் நீதிபதி கண்ணில் படாமல் போகாது. உரிமை இருந்தது, அளவை மீறிவிட்டார் என்று கண்டால், கொலை அல்லாத மரணம் விளைவித்தல் என்று இறக்குவார்கள் (பிரிவு 101-இன் இரண்டாம் விதிவிலக்கு). பல வழக்குகள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

செத்தவருடைய தம்பியும் பெண்டாட்டியும்தான் சாட்சி. சொந்தக்காரங்க சொல்றதை நம்பலாமா?

‘சொந்தக்காரர்’ என்று மட்டும் வாதாடுவது வீண். நெருங்கிய உறவு உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை மாட்டிவிடாது என்று 1953-லேயே தலீப் சிங் வழக்கில் சொல்லியாயிற்று. சாட்சிகளின் எண்ணிக்கைக்கும் கணக்கு இல்லை. 1957-இல் வடிவேலு தேவர் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டுக்கும் நடுவே இருப்பவர். முதல் வகையில் ஒருவர் இருந்தாலே தண்டனை கொடுக்கலாம். மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத் துணை வேண்டும்.

காயம்பட்ட சாட்சிக்கு இன்னும் மரியாதை அதிகம். ஆனால் என் அபிப்பிராயத்தில், தற்காப்பு வழக்கில் அந்த மரியாதைக்கு ஒரு எல்லை போட வேண்டும். காயம், அவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதைக் காட்டும். யார் முதலில் கை வைத்தது என்பதைக் காட்டாது. கீழத் தோட்டக்காரரோடு வந்த இரண்டு பேரும் காயம்பட்ட சாட்சிகள்தான். கம்போடு வந்ததை அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? அதனால் அவர்கள் அங்கே இருந்ததை மறுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், எதற்கு வந்தார்கள், ராத்திரி பத்து மணிக்கு அடுத்தவர் மோட்டார் ரூமில் என்ன வேலை என்று கேட்பதே சரி.

ஊரே சாதியாகவும் தெருவாகவும் பிரிந்து நிற்கும் வழக்குகளில் இது இன்னும் சிக்கல். ஒரு தெருவில் உள்ள எல்லோரும் எதிர்த் தெருவில் உள்ள எல்லோர் பெயரையும் சொல்வார்கள். கட்சி கட்டி நிற்கும் சாட்சிகள் என்பதற்காக அப்படியே தள்ளிவிட மாட்டார்கள், எச்சரிக்கையோடு பார்ப்பார்கள். நம் நாட்டில் ‘ஒன்றில் பொய் சொன்னால் எல்லாமே பொய்’ என்ற விதி கிடையாது. பதரைப் புடைத்துவிட்டு நெல்லை எடுத்துக்கொள்கிற மாதிரிதான் நீதிபதிகள் சாட்சியத்தைப் பார்க்கிறார்கள்.

இருட்டில் எப்படிப் பார்த்தார்கள்?

அரசுத் தரப்பு இதற்குத் தயாராகவே வரும். மின்வாரிய அதிகாரியைக் கூப்பிட்டு, அன்று அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இருந்தது என்று சொல்ல வைப்பது நம்ம கோர்ட்டுகளில் வழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும். மோட்டார் ரூம் பல்பு வரைபடத்தில் குறித்திருக்கிறதா? சாட்சி நின்றதாகச் சொல்லும் இடத்துக்கும் பல்புக்கும் நடுவே எத்தனை வரிசை வாழை? கரண்ட் இருந்தது என்பதும் வெளிச்சம் இருந்தது என்பதும் ஒன்றல்ல. நிலா வெளிச்சம் என்று சொல்லியிருந்தால் அன்றைய திதி என்ன என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள்.

மகஜரில் வேறு என்ன தேட வேண்டும்?

ரத்தம் எங்கே கிடந்தது என்பதை. ரத்தம் தோய்ந்த மண்ணும் பக்கத்திலிருந்து மாதிரி மண்ணும் எடுத்து டப்பாவில் போட்டுச் சீல் வைத்திருப்பார்கள். அது பொதுப்பாதையிலா, உங்கள் வேலிக்கு உள்ளேயா? ஆய்வகத்தில் மனித ரத்தம் என்று வந்ததா, வகை தெரிந்ததா? இரண்டு பேருக்கும் காயம், இரண்டு ரத்த வகை, ஒரு வகை உங்கள் மோட்டார் ரூம் திண்ணையில் என்றால் ஒரு சாட்சி வந்து சொல்ல வேண்டியதை அந்த மண் சொல்லிவிடும். மகஜரில் கையெழுத்துப் போட்டவர் ‘வெற்றுத் தாளில் போட்டேன்’ என்பார். அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வெட்டிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் அரிவாளை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அது எனக்குச் சாதகம்தானே?

நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நேர்மையான காரியம் என்றும் நினைக்கிறார்கள். சட்டத்தில் நிலைமை விசித்திரம். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1965-இல் அக்னூ நாகேசியா வழக்கில், எதிரியே கொடுத்த புகார் ஒப்புதலாக இருந்தால் அது முழுவதும் அடிபட்டுப் போகும், பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதி மட்டும் நிற்கும் என்றார்கள். ‘வெட்டினேன்’ என்பதோடு சேர்த்து ‘அவன் முதலில் அடித்தான்’ என்று நீங்கள் சொன்னதும் அந்தக் காகிதத்தோடு போய்விடும் ஆபத்து இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு ஓடிப் போனது என்ற நடத்தை மட்டும் பதிவில் நிற்கலாம். அதனால் உங்களைத் தாக்கியது பற்றிய புகாரைத் தனியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். காயம் இருந்தால் ஸ்டேஷனில் ஆஸ்பத்திரிக்கு மெமோ கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் பதிவு செய்வார். ரத்தம் பட்ட சட்டையை வீட்டுப் பெண்கள் துவைத்துப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து முதலிலேயே சொல்லி வையுங்கள்.

செல்போன் வீடியோ, சிசிடிவி இருந்தால் போதுமா?

வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோ மட்டும் போதாது. எடுத்த போனே கோர்ட்டுக்கு வந்தால் நல்லது; நகல் என்றால் சாக்ஷ்ய அதினியம் 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும், நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் உண்டு. சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு உறுதி செய்தது. சிசிடிவி பெட்டி பழைய பதிவைத் தானே அழித்துக்கொண்டே போகும். டீக்கடைக்காரரிடம் இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

வீடியோ எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சத்தம் கேட்ட பிறகுதான் யாரும் போனை எடுப்பார்கள். அதனால் எந்த வீடியோவிலும் நீங்கள் வீசுவது இருக்கும். அவர் அடிப்பது இருக்காது.

மரண வாக்குமூலத்தில் என் பெயர் இருக்கிறது.

நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே போதும் என்பது சட்டம். ஆனால் அதிலும் அதே கேள்விதான். ‘இன்னார் வெட்டினார்’ என்பதை நீங்களே மறுக்கவில்லையே. எங்கே வைத்து, எதற்காக அங்கே போனார் என்று அவர் சொல்லியிருக்கிறாரா என்று படியுங்கள். சாகக்கிடந்தவர் வாயால் ‘மோட்டார் ரூமில்’ என்று வந்திருந்தால் அது உங்களுக்கான சாட்சியம்.

நான் அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிடலாமா?

இந்த யோசனையைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இருக்கும். அங்கே இல்லை என்றும் தற்காப்பு என்றும் இரண்டையும் சொன்னால் இரண்டுமே நம்பப்படாது என்பது நடைமுறை. எதிரி தற்காப்பு என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், பதிவில் உள்ள சாட்சியம் அதைக் காட்டினால் கோர்ட் பரிசீலிக்கலாம் என்று 1967-இல் முன்ஷி ராம் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்; அதுவரைதான் ஆறுதல்.

கையில் அரிவாள் ஏன் இருந்தது என்று கேட்கிறார்கள்.

என்ன அரிவாள் என்று பதிவாக வேண்டும். பன்னருவா, பாளை சீவும் அரிவாள், வாழை வெட்டும் அரிவாள் எல்லாம் தோட்டத்து ஆள் கையில் இருப்பவை. நீளக் கைப்பிடி போட்ட வெட்டருவாளைத் தண்ணீர் பாய்ச்ச எடுத்துப் போனேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கைப்பற்றிய பொருள் கோர்ட்டில் இருக்கும். அதைச் சாட்சியிடம் காட்டி, இது எந்த வேலைக்கானது என்று கேட்கச் சொல்லுங்கள்.

அவர்கள் மேல் நானும் புகார் கொடுத்தேன். இரண்டு வழக்கையும் ஒன்றாக விசாரிப்பார்களா?

வழக்கும் எதிர் வழக்கும் இருந்தால் புலனாய்வு அதிகாரி இரண்டையும் விசாரித்து, யார் தாக்கியவர் என்று கண்டறிய வேண்டும்; தமிழ்நாட்டுக் காவல் நிலையாணை 566 இதைத்தான் சொல்கிறது. இரண்டுமே கோர்ட்டுக்கு வந்தால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு வழக்கின் சாட்சியத்தை அடுத்த வழக்கில் பயன்படுத்தக் கூடாது. உங்கள் புகாரை விசாரிக்காமலேயே மூடிவிட்டார்கள் என்றால், அந்த அதிகாரி கூண்டில் ஏறும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தையும் பாருங்கள். அவர் கையெழுத்தோடு மணியும் போட்டிருப்பார். ஸ்டேஷனில் ராத்திரி 12 மணிக்குப் பதிவானது மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்கலாம்.

சாட்சி பல்டி அடித்துவிட்டார். தப்பித்தேனா?

பிறழ் சாட்சி என்று அறிவித்தாலும் அவர் சொன்னது முழுக்க அழிந்துவிடாது. நம்பத்தக்க பகுதியை இரு தரப்பும் எடுத்துக்கொள்ளலாம். ‘சண்டை நடந்தது உண்மை, யார் வெட்டினார் என்று தெரியாது’ என்று அவர் சொன்னால், ‘சண்டை நடந்தது’ என்பது உங்களுக்கு உதவலாம், உபத்திரவமும் ஆகலாம்.

சாட்சியே பயந்துபோய் இருந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். எதிரி தரப்புச் சாட்சியும் கேட்கலாம்.

ரெண்டு குடும்பமும் ராசியாகிவிட்டோம். கேஸை முடித்துக்கொள்ளலாமா?

சாதாரணக் காயம் என்றால் கோர்ட்டில் சொல்லிச் சமரசம் பதிவு செய்யலாம். கொலை வழக்கில் முடியாது. சாட்சிகளைப் பேசி மாற்றி வைத்தால் பொய்ச் சாட்சிக்கு அவர்கள் மேல் வேறு வழக்கு வரும். உங்கள் ஜாமீனும் ரத்தாகலாம்.